பாதம் கழுவுவதைப் பெரிய வியாழனோடு நிறுத்தாமல் ஊழியமாகச் செய்வது எப்படி? (தொழுநோய், சுகர் கால்கள்)

வாலிபர்_ஐக்கியச்_செயலர் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பெரிய வியாழன் ஆராதனையில் ஆயர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். சுத்தமான கால்கள், வெள்ளைத் துண்டு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வருடம் வாலிபர் ஐக்கியத்தில் யோவான் 13-ஐ மறுபடி படித்தோம். "நான் உங்களுக்குச் செய்ததுபோல நீங்களும் செய்யுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது ஆராதனைச் சடங்குக்கு மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தது.

சபையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில், தொழுநோயிலிருந்து குணமானவர்கள் குடியிருக்கும் காலனி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அரிசி, சேலை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அங்கே பலருக்குப் பாதத்தில் ஆறாத புண் உண்டு. எங்கள் சபைப் பெரியவர்களிலும் சுகர் வந்து கால் மரத்துப்போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை இவர்களுக்குக் கால் கழுவி, மருந்து போட்டுவிடலாம் என்று யோசிக்கிறோம். ஏழெட்டு வாலிபர்கள் தயாராக இருக்கிறார்கள். மருத்துவப் பயிற்சி யாருக்கும் இல்லை.

என்ன வாங்க வேண்டும்? எந்த வரிசையில் செய்ய வேண்டும்? நமக்குத் தொற்றுமா? எதைத் தொடவே கூடாது? ஜெபம், வசனம் எல்லாம் எப்போது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பாதப்பணி எழுதியது:

தம்பி, நல்ல காரியம். ஆனால் மாதம் ஒருமுறை நீங்கள் கழுவிவிடுவதால் எந்தக் காலும் பிழைக்காது. அந்தக் காலுக்கு வேண்டியது தினமும் அரை மணி நேரம். அதைக் காலுக்குச் சொந்தக்காரர்தான் செய்ய முடியும். நீங்கள் போவது கற்றுக்கொடுக்கவும், கூட உட்கார்ந்து செய்யவும், விட்டுப்போனதைக் கவனிக்கவும். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம் போங்கள். அதற்கு ஆள் பலம் இல்லையென்றால் காலனி முழுவதையும் எடுக்காமல் ஐந்து வீட்டோடு தொடங்குங்கள்.

முதலில் தொற்று பற்றி. பல மருந்துக் கூட்டு சிகிச்சையை முடித்தவரிடமிருந்து தொழுநோய் பரவாது. சிகிச்சை ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம், மருந்து இலவசம். காலில் இருக்கும் புண் தொழுநோய்க் கிருமியால் வந்ததல்ல, உணர்ச்சி இல்லாததால் வந்தது. 1940-களின் பிற்பகுதியில் வேலூரிலும், பிறகு 1955-ல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் நிறுவிக்காட்டியது இதைத்தான். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், குத்திக்கொள்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், அப்படித்தான் இழக்கிறார்கள். இரவில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்குவார்கள் என்பதைக் கண்டுபிடித்து, நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். ஊழியத்துக்கு வரும் ஒவ்வொரு வாலிபருக்கும் இது முதலில் புரிய வேண்டும். புரியாதவர் முகம் சுளிப்பார், அதை எதிரில் இருப்பவர் பார்ப்பார்.

வேண்டிய சாமான்: கணுக்கால் வரை முங்கும் பிளாஸ்டிக் டப் நான்கு (ஒன்றுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர்), ஆளுக்கொரு பருத்தித் துண்டு, சொரசொரப்பான கல் ஆளுக்கொன்று (அதை அவரவர் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும், ஒருவர் கல் இன்னொருவருக்குக் கூடாது), தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின், கையுறை, காஸ் துணி, ரோல் பேண்டேஜ், சிறு கண்ணாடி. கண்ணாடி எதற்கென்றால், காலை மடக்க முடியாதவர் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க வேண்டுமே. பிளேடு, கத்தி, ஆணிக்கால் பிளாஸ்திரி எதுவும் உங்கள் பையில் இருக்கவே கூடாது. அந்தப் பிளாஸ்திரியில் இருக்கும் அமிலம் மரத்த காலில் நல்ல தோலையும் சேர்த்துக் கரைக்கும், அவருக்குத் தெரியாது.

வரிசை: கழுவுவதற்கு முன்னால் பாருங்கள். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலிடுக்கு, குதிகால், கட்டைவிரலுக்கு அடியில் உள்ள மேடு எல்லாம். பிறகு உங்கள் புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் ஓரிடத்தில் சுடுகிறது என்றால், மேலே புண் தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் நடையைக் குறைக்க வேண்டும்.

அடுத்து ஊறவைத்தல். சாதாரணத் தண்ணீர்; வெந்நீர் வேண்டவே வேண்டாம். இருபது நிமிடம். நரம்பு கெட்ட பாதத்தில் வியர்வை வராது, தோல் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி இறங்கும். ஊறியதும் காய்ப்பையும் வெடிப்பின் ஓரத்தையும் கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் எடுக்கப் பார்க்காதீர்கள். அப்படித்தான் ரத்தம் வரும். துடைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் ஈரத்தைத் தராது, உள்ளே போன ஈரத்தைப் பூட்டிவைக்கும். ஊறவைக்காமல் எண்ணெய் மட்டும் தடவுவது வீண்.

மேலோட்டமான புண் இருந்தால்: கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து, அதனால் கழுவி, சுத்தமான காஸ் வைத்துக் கட்டினால் போதும். பவுடர், மஞ்சள், சிவப்பு மருந்து எதுவும் வேண்டாம். புண்ணை ஆற்றுவது மருந்து அல்ல, ஓய்வு. வலி இருக்கும் நாம் புண் வந்தால் நொண்டி நடப்போம், அந்த நொண்டல்தான் நம் புண்ணை ஆற்றுகிறது. அவர்களுக்கு அது இல்லை. ஒவ்வொரு அடியிலும் புதுத்தோல் நசுங்குகிறது. ஆகவே ஓய்வெடு என்று சொல்லிவிட்டு வந்தால் போதாது. அவர் குடிதண்ணீர் பிடிக்க எத்தனை நடை போகிறார், ரேஷன் கடைக்கு யார் போகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு அந்தத் தண்ணீரை உங்கள் வாலிபர்கள் தூக்கட்டும். என் கணக்கில் கால் கழுவுவதைவிட அதுதான் யோவான் 13.

புண்ணில் நாற்றம், சீழ், சுற்றிலும் வீக்கம், காய்ச்சல், எலும்பு தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தண்ணீரில் வைக்காமல் அன்றைக்கே மருத்துவமனை. கடந்த ஆறு மாதத்துக்குள் புதிதாக மரத்துப்போனதாகவோ, பாதம் தொங்குவதாகவோ யாராவது சொன்னாலும் உடனே. அந்தக் கால அளவுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நரம்பு திரும்ப வாய்ப்புண்டு; விட்டுவிட்டால் போனதுதான்.

---

சுகர்கால்_நர்ஸ் எழுதியது:

பாதப்பணி அண்ணன் சொன்னது தொழுநோய்க் காலுக்கு முழுக்கச் சரி. அதையே சபையில் இருக்கும் சுகர்காரர்களுக்கு அப்படியே செய்துவிடாதீர்கள், தம்பி. சுகர் காலை ஊறவைக்கக் கூடாது.

காரணம் இதுதான். தொழுநோயில் பெரும்பாலும் நரம்புதான் கெடுகிறது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். அதனால்தான் ஓய்வு கொடுத்தால் அந்தப் புண் ஆறுகிறது. சுகரில் நரம்போடு ரத்தக் குழாயும் அடைபடலாம், கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். ஊறிய தோல் நொய்ந்து, விரலிடுக்கில் பூஞ்சை பிடித்து, அங்கே ஒரு கீறல் விழுந்தால் விரலே போகும். அவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் ஒற்றி உலர்த்துங்கள். நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், அவர் காலால் பார்க்கக் கூடாது. எண்ணெயோ வாசலினோ பாதத்தின் மேலும் கீழும் மட்டும், விரலிடுக்கில் வேண்டாம். கல்லால் தேய்ப்பதும் வேண்டாம். காய்ப்பு இருந்தால் பாத சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். நகம் வெட்டினால் நேராக, மூலையைக் குடையாமல்.

பயிற்சி இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி பூப்போலத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அனுப்பலாம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் நைலான் இழை (10 கிராம் அழுத்தத்தில் வளையும் சோதனை இழை) வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. இழை வளையும் வரை அழுத்தி ஓரிரு நொடியில் எடுக்க வேண்டும், காய்ப்பின் மேல் வைக்கக் கூடாது. ஒரே இழையை ஒரு நாளில் பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தினால் அது தளர்ந்துவிடும், தவறான பதில் தரும். ஒரு நாள் ஓய்வு கொடுத்துத்தான் மறுபடி எடுக்க வேண்டும். "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே தொடாதீர்கள். பெரியவர்கள் உங்கள் மனம் நோகக் கூடாதென்று தெரியுது என்றே சொல்வார்கள். எப்போது தொட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாதபடி இடைவெளி விட்டுத் தொடுங்கள்.

மரத்துப்போன கால், ஆனால் புண் வந்ததில்லை என்றால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். முன்பு புண் வந்து ஆறியவர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்தத் தேதிகளை நினைவூட்டிக் கூடவே ஆட்டோவில் ஏறிப்போக ஒரு வாலிபர் இருந்தால் அதுவே பெரிய உதவி.

ஒரு அவசரம் மட்டும் எல்லாரும் மனதில் வையுங்கள். ஒரு பாதம் முழுக்கச் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது, ஆனால் வலியில்லை என்கிறார். இதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நடக்கவிடாமல், அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

---

வாலிபர்_ஐக்கியச்_செயலர்:

அண்ணன், அக்கா, மிக்க நன்றி. காலனிக்கு ஒரு முறை, சபைப் பெரியவர்களுக்கு வேறு முறை என்று புரிகிறது. காலனியில் ஒருவருக்குச் சுகரும் இருந்தால்? செருப்பு வாங்கிக்கொடுக்க ஒருவர் காணிக்கை தருவதாகச் சொல்கிறார். பஜாரில் மொத்தமாக வாங்கிவிடலாமா?

---

சுகர்கால்_நர்ஸ்:

இரண்டும் இருந்தால் சுகர் முறைதான். சுகர் இருக்கிறதா என்று தெரியாதவரை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருபவர்களிடமும் கேட்கலாம்.

---

தையல்பட்டறை எழுதியது:

மொத்தமாக வாங்காதீர்கள். செருப்பு தப்பாக அமைந்தால் நல்ல காலிலும் புண் வரும்.

மரத்த காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்க வேண்டும். உள்தளம் மிருதுவான நுண்துளை ரப்பர், பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல். அசலா என்று பார்க்க, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பாதித் தடிமனுக்கு அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். அமுங்காவிட்டால் கடினம். அமுங்கி எழாவிட்டால் வெறும் ஸ்பாஞ்சு, ஒரு மாதத்தில் தட்டையாகிவிடும். அடித்தளம் இதற்கு நேர்மாறாகக் கெட்டியாக இருக்க வேண்டும், டயர் ரப்பர் நல்லது, முள்ளும் ஆணியும் ஏறாது. ஆணி அடித்த செருப்பு வேண்டவே வேண்டாம். தைத்திருக்க வேண்டும் அல்லது ஒட்டியிருக்க வேண்டும். தேய்ந்ததும் ஆணி மேலே வரும், அவருக்குக் குத்துவது தெரியாது.

விரலிடுக்கில் மாட்டும் ஹவாய் ரகம் கூடாது. அதை விரலால் பற்றிக்கொள்ள வலு வேண்டும், இவர்களுக்கு இருக்காது. நழுவிப்போனதும் தெரியாமல் வெறுங்காலில் நடப்பார்கள். முன்னால் இரண்டு அகலப் பட்டை, குதிகாலுக்குப் பின்பட்டை, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ. பக்கிள் வேண்டாம், கைவிரல் மடங்கியவர் அதைப் போட முடியாது.

அளவை நம்பரால் எடுக்காதீர்கள். நிற்கவைத்து, தாளில் இரண்டு காலையும் தனித்தனியாக வரையுங்கள். உட்கார்ந்து வரைந்தால் பாதம் சிறிதாக வரும். புண் வந்து ஆறிய இடத்தைத் தாளில் குறித்துவிடுங்கள்.

புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும். கழற்றிப் பார்த்து எங்காவது சிவந்திருந்தால், அந்தச் சிவப்பு அரை மணியில் போகாவிட்டால், அந்த இடத்தைத் திருத்த வேண்டும். பிறகு ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டலாம். போடும் முன்பு ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டிக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். கையால் தடவிப் பார் என்று சொல்லிக்கொடுப்பது பலருடைய தவறு. கையும் மரத்திருக்குமே! உள்தளம் ஆறு மாதத்தில் அமுங்கிவிடும், மாற்ற வேண்டும். ஆகவே அந்தக் காணிக்கையை ஒரே தவணையில் வாங்காமல் ஆண்டுக்கு இரண்டு முறை என்று பேசிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இந்தச் செருப்பு இலவசமாகவே தரப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து வாங்கிக்கொடுங்கள். காணிக்கைப் பணத்தை ஆட்டோ செலவுக்கும் காஸ் துணிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

---

சேகர_உதவிஊழியர் எழுதியது:

ஜெபம், வசனம் பற்றி யாரும் தொடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கால் டப்பில் இருக்கும்போது பிரசங்கம் செய்யாதீர்கள். இருபது நிமிடம் அவரால் எழுந்து போக முடியாது. அந்த நேரத்தில் பேசுவது கேட்பவருடைய இசைவைப் பறிப்பது. அவர் கேட்டால் பேசலாம், ஜெபிக்கச் சொன்னால் ஜெபிக்கலாம். காலனியில் எல்லாரும் கிறிஸ்தவர்களாக இருக்க மாட்டார்கள். சபைக்கு வருபவருக்கு ஒரு வரிசை, வராதவருக்கு ஒரு வரிசை என்று ஆகிவிட்டால் அந்த நாளோடு ஊழியம் முடிந்தது. ஆண்டவர் கழுவிய பன்னிரண்டு பேரில் யூதாசும் இருந்தான். காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தேதான் கழுவினார்.

பேதுருவையும் பாருங்கள். முதலில் வேண்டாம் என்றான், ஆண்டவர் அவனோடு பேசினார். உங்களிடமும் சிலர் வேண்டாம் என்பார்கள், முக்கியமாகப் பெண்கள். வற்புறுத்தாதீர்கள். பெண்களுக்குப் பெண்களே செய்யட்டும், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேளுங்கள். பர்த்திமேயு குருடன் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" என்று ஆண்டவர் அவனிடம் கேட்டார். காலனியில் போய் முதலில் கேளுங்கள். புண்ணைவிட உதவித்தொகை நின்றுபோனது அவருக்குப் பெரிய பாரமாக இருக்கலாம். அப்படியானால் முதல் வாரம் தாலுகா அலுவலகம்தான்.

நிர்வாகம் பற்றி ஒன்று. அப்போஸ்தலர் 6-ல் கிரேக்கு மொழி பேசிய விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள், ஏழும் கிரேக்குப் பெயர்கள். குறை யாருக்கு இருந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பு போனது. உங்கள் குழுவிலும் காலனிக்காரர் இருவராவது இருக்க வேண்டும், பெயருக்கு அல்ல, கணக்கு நோட்டோடு. பல வருடமாகத் தன் காலைப் புண்ணில்லாமல் காப்பாற்றிவரும் ஒருவர் அங்கே கட்டாயம் இருப்பார். உங்கள் வாலிபர்களுக்கு ஆசிரியர் அவர்தான்.

புகைப்படம் வேண்டாம். சபை அறிக்கையில் பெயர் வேண்டாம். பேனரில் தொழுநோய் என்ற சொல்லே வேண்டாம். 'பாதப் பராமரிப்பு' போதும். வேதத்தில் இருக்கும் பழைய சொல்லால் யாரையும் அழைக்காதீர்கள். அங்கே அந்தச் சொல் பலவிதத் தோல் வியாதிகளுக்கும், துணியிலும் சுவரிலும் வரும் பூசணத்துக்கும்கூட வருகிறது. இந்த நோய்க்கு மட்டும் உரிய பெயர் அல்ல. லேவியராகமம் 13, 14-ஐ வாலிபர்களோடு ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

நல்ல சமாரியனில் நாம் எண்ணெயையும் திராட்சரசத்தையும் மட்டும் நினைவில் வைக்கிறோம். அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். திரும்பி வருவதாகச் சொன்னவன் அவன். ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள்: ஆள், தேதி, எந்தக் காலில் எங்கே புண், நீளம் அகலம் எத்தனை மில்லிமீட்டர், யார் மறுபடி எப்போது போக வேண்டும். நான்கு வாரமாக அளவு குறையவில்லை என்றால் மருத்துவரிடம்.

---

பாதப்பணி:

டப் பற்றி ஒன்று விட்டுப்போனது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் பத்து நிமிடம் வையுங்கள்; லிட்டருக்குப் பதினைந்து கிராம், அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்தது. பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், மிச்சம் இருந்தால் தோலை அரிக்கும். நான்கு டப், வேலை செய்ய மூன்று வாலிபர்கள் என்றால் இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். நேரம் போதாவிட்டால் முதலில் குறைவது இந்தக் கழுவல்தான்.

உங்கள் வாலிபர்கள் உட்காரத் தாழ்வான முக்காலி வாங்குங்கள். அவர் பெஞ்சில், நீங்கள் கீழே.